தெருக் கால்வாய் மாமன்றத் தீர்மானம் ஆவது எப்படி? வேலூர்க்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

மாமன்றக் கூட்டம் என்றாலே மறுநாள் பேப்பரில் வரும் படம்தான் ஞாபகத்துக்கு வரும். காலிக் குடத்தோடு ஒருவர், மைக்கைப் பிடித்தபடி ஒருவர், வாசல் பக்கம் வெளிநடப்பு செய்யும் நாலு பேர். நாமும் தலைப்பை மட்டும் படித்துவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அதே கூட்டத்தில், அந்தச் சத்தத்துக்கு முன்னேயோ பின்னேயோ, பொருள் எண் ஒன்றிலிருந்து கடைசி வரை வரிசையாக நிறைவேறியிருக்கும், பல நேரம் "ஆல் பாஸ்" என்ற ஒரே வார்த்தையில். உங்கள் தெருக் கால்வாய் அந்த வரிசையில் இருக்கிறதா என்பது அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே, ஒரு உதவிப் பொறியாளர் உங்கள் தெருவில் டேப் பிடித்தாரா இல்லையா என்பதிலேயே முடிந்துபோன விஷயம். கூட்டத்தன்று போய் கத்துவதில் பலன் குறைவு என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் சத்துவாச்சாரிப் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு மழைநீர்க் கால்வாய்க்காக அலைந்ததில் கற்றுக்கொண்டதை, அந்தக் காகிதம் போகும் பாதையிலேயே எழுதுகிறேன்.

யார் என்ன செய்கிறார்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாநகராட்சி ஆனது. சத்துவாச்சாரி, தாராபடவேடு, சேண்பாக்கம், அல்லாபுரம், தொரப்பாடி, கழிஞ்சூர் எல்லாம் 2011-இல் உள்ளே வந்தன. இப்போது 60 வார்டு, 4 மண்டலம். மேயர் மாமன்றத்துக்குத் தலைவர், ஆணையர் நிர்வாகத்துக்குத் தலைவர். மன்றம் ஒப்புதல் கொடுக்கும், ஆணையர் செய்து முடிப்பார், கோப்பில் கையெழுத்து ஆணையருடையது. இதற்கெல்லாம் அடிப்படை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பெயரில்தான் 1998, விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்.

இடையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அப்போதும் மாநகராட்சி ஓடியது, தீர்மானங்கள் போடப்பட்டன. மன்றத்தின் இடத்தில் இருந்து கையெழுத்துப் போட்டவர் ஒரே அதிகாரி. கவுன்சிலர் இல்லாமல் ஒரு தெருவிளக்குக்கு எத்தனை முறை நடந்தோம் என்று ஞாபகம் இருப்பவர்களுக்கு, கவுன்சிலரை என்னதான் திட்டினாலும், அவர் எதற்கு வேண்டும் என்பது தெரியும்.

மன்றத்துக்குள் வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், பொது சுகாதாரம், நகரமைப்பு, கல்வி, கணக்கு என்று நிலைக்குழுக்கள் உண்டு. மண்டலத்துக்கு ஒரு மண்டலக் குழு. வேலையின் மதிப்பைப் பொறுத்து, சின்னத் தொகையை ஆணையரே அனுமதிப்பார், அதற்கு மேல் குழு, அதற்கும் மேல் மன்றம், இன்னும் பெரிதென்றால் அரசு. உங்கள் வேலை எந்தப் படியில் நிற்கும் என்பதை மதிப்பீடு வந்ததும் உதவிப் பொறியாளரிடமே (ஏஇ) கேட்டுவிடுங்கள், ஒரு நிமிடக் கேள்விதான்.

மன்றமே தேவைப்படாத வேலைகள்

பிறப்பு, இறப்புச் சான்று, சொத்து வரி பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, தொழில் உரிமம், குப்பை எடுக்காத புகார், இதற்கெல்லாம் கவுன்சிலர் சிபாரிசு தேவையில்லை. மண்டல அலுவலகத்திலோ ஆன்லைனிலோ முடிகிற வேலை.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆம்பூர்க்காரருக்கும் சித்தூர்க்காரருக்கும் பிள்ளை சிஎம்சி மருத்துவமனையின் தோட்டப்பாளையம் வளாகத்தில் பிறந்தால் பதிவு வேலூர் மாநகராட்சியில்தான். ராணிப்பேட்டை வளாகத்தில் நடந்ததை வேலூரில் வந்து தேடினால் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிவு இலவசம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளில், அதாவது ஏப்ரல் முடிவதற்குள் அல்லது அக்டோபர் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தெருவுக்காக மனு கொடுக்கப் போகிறவர் இதை ஒழுங்காகக் கட்டி ரசீதை வைத்திருப்பது நல்லது. மனு நகலைப் பார்த்ததும் "உங்க வீட்டு வரி என்ன நிலவரம்?" என்று பில் கலெக்டர் சிரித்துக்கொண்டே கேட்பார், அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்காது.

முதல் படி: இடம் யாருடையது?

பாதி மனுக்கள் செத்துப்போவது இங்கேதான். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் நின்றால் அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. ஊருக்குள்ளேயே சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. பாலாற்றங்கரை, ஏரி, ஏரிக்கால்வாய் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை. தெருவில் சாய்ந்து நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிய வேண்டிய விளக்கு மாநகராட்சியுடையது. அதனால் விளக்குப் புகாரில் கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள், "பிள்ளையார் கோயில் பக்கத்தில்" என்று எழுதினால் வேலூரில் எந்தப் பிள்ளையார் கோயில் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு சிக்கல் மனைப்பிரிவுத் தெரு. லேஅவுட் போட்டவர் சாலைகளை மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத தெரு சட்டப்படி இன்னும் தனியார் நிலம், அங்கே மாநகராட்சிப் பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் கேள்வி வரும். பழைய ஊராட்சிப் பகுதிகளில் இது நிறைய. "பக்கத்துத் தெருவுக்குப் போட்டாங்க, எங்களுக்கு மட்டும் இல்லை" என்று கோபப்படுவதற்கு முன் நகரமைப்புப் பிரிவில் உங்கள் லேஅவுட் தானப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் வேலை கால்வாய் கேட்பதல்ல, அந்தப் பத்திரத்தைக் கேட்பது.

இரண்டாவது: மனு

நான் முதலில் கொடுத்த மனு இரண்டு பக்கம், உருக்கமாக எழுதியது. கொசு, டெங்கு, பள்ளிக்குழந்தை, முதியோர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒன்றரை மாதம் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் தெருவின் கிழக்குப் பக்கம் ஒரு வார்டு, மேற்குப் பக்கம் இன்னொரு வார்டு. நான் பழைய வார்டு எண்ணை, அதுவும் எதிர்ப்பக்கத்துடையதை எழுதியிருந்தேன். அது போய்ச் சேர்ந்த மேசையில் இருந்தவருக்கு எங்கள் தெருவே கிடையாது.

இரண்டாவது மனு அரைப்பக்கம். தெருப் பெயர், வார்டு எண், மண்டலம், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, தோராயமாக எத்தனை மீட்டர், தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பெரிய கால்வாயில் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். கீழே 23 வீட்டார் கையெழுத்து. கூடவே மழை பெய்த அன்று எடுத்த மூன்று புகைப்படம், பின்புறம் தேதியோடு. நகலில் தபால் பிரிவு முத்திரையும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். அன்பாகச் சொல்வார்கள், ஆனாலும் முத்திரை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஒரே மனுவைக் கவுன்சிலருக்கு ஒன்று, மண்டல உதவி ஆணையருக்கு ஒன்று, ஆணையருக்கு ஒன்று என்று கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், முதல்வரின் முகவரி 1100-க்குப் பதிந்தாலும், கடைசியில் அது அதே ஏஇ மேசைக்குத்தான் வரும். நேராக முயன்று பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போங்கள். முதலிலேயே மேலே போனால் "நம்மகிட்ட வராமலே புகார் பண்ணிட்டாரு" என்ற மனக்கசப்பு ஒட்டிக்கொள்ளும்.

கவுன்சிலரைப் பார்ப்பது பற்றி ஒன்று. நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. வீட்டுக்குப் போனால் சில இடங்களில் கணவரோ மைத்துனரோ வந்து "என்கிட்ட சொல்லுங்க" என்பார். உட்காருங்கள், டீ குடியுங்கள், ஆனால் மனுவை "அம்மா கையில கொடுத்துடறேன்ணே" என்று சொல்லி கவுன்சிலரிடமே கொடுங்கள். மன்றத்தில் எழுந்து நிற்கப் போகிறவர் அவர்தான், விவரம் அவருக்குத் தெரிய வேண்டும்.

பகுதி சபாவும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று தொடங்கிய ஏற்பாடு. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்கள் நேராகப் பேசுவது. நாலு பேர்தான் வருவார்கள், அதனாலேயே அங்கே பேசினால் காதில் விழும். நீங்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதினார்களா என்று எட்டிப் பாருங்கள்.

மூன்றாவது: ஏஇ வரும் நாள்

முழு வழிகாட்டியில் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். உதவிப் பொறியாளர், நாம் சொல்லும் ஏஇ, ஒருநாள் காலையில் ஒரு பணி ஆய்வாளரோடு பைக்கில் வருவார், பெரும்பாலும் சொல்லாமல். அரை மணி நேரத்துக்குள் அளந்துவிட்டுப் போய்விடுவார். அந்த அரை மணியில் நீங்கள் தெருவில் இருக்க வேண்டும். அதற்காக முந்தின வாரமே போன் செய்து "சார், எந்த நாள் வர்றீங்க, நான் கூட இருக்கேன்" என்று கேட்டு வையுங்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது அவர் மேற்கு முனையில் டேப்பைப் போட்டார், 86 மீட்டர் வந்தது. கிழக்கு முனையில் மளிகைக்கடை வாசலில் ஒரு பழைய கல்வெட்டு, அதாவது தண்ணீர் குறுக்கே போக ரோட்டுக்கு அடியில் வைத்த சின்னப் பாலம், மண்ணில் புதைந்து கிடந்தது, மேலே கடைக்காரரின் வாழைத்தார் ஸ்டாண்டு. அதை நகர்த்தச் சொல்லி, ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு அடி இறங்கி நின்றது. "இதைத் திறக்காம கால்வாய் கட்டினா தண்ணி எங்க போகும்?" என்றார். எங்களில் ஒருவருக்கும் அந்தக் கல்வெட்டு அங்கே இருப்பதே தெரியாது. எழுபது வயது தாண்டிய எதிர்வீட்டுத் தாத்தா மட்டும்தான் "அது எங்கப்பா காலத்துல ஓடினது" என்று காட்டிக் கொடுத்தார். தாத்தா அன்று வெளியூர் போயிருந்தால் மதிப்பீட்டில் கல்வெட்டு இருந்திருக்காது, மதிப்பீட்டில் இல்லாததை எந்த ஒப்பந்ததாரரும் செய்யமாட்டார்.

அதனால் வாட்டம் எந்தப் பக்கம், வீட்டுக் குழாய்கள் எங்கே குறுக்கே போகின்றன, பாதாள சாக்கடை வந்துவிட்டதா வரப்போகிறதா, எல்லாவற்றையும் அன்றைக்கே கேளுங்கள். பாதாள சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பாக்கி இருக்கும் தெருவில் முதலில் ரோடு போடச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள். போட்ட ரோட்டை ஆறு மாதத்தில் வெட்டுவார்கள், அப்புறம் ஒட்டுப் போட இன்னொரு மனு.

நான்காவது: பணம் எந்தத் தலைப்பில்

அளவு, மதிப்பீடாக மாறும். அதற்குத் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், நிர்வாக அனுமதி வேண்டும், முக்கியமாக நிதி வேண்டும். பொது நிதி, நிதிக்குழு மானியம், மாநில அரசின் சாலைத் திட்டங்கள், எம்எல்ஏ தொகுதி நிதி, எம்பி நிதி என்று பல பைகள். எந்தப் பையில் இருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேகம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு தரும். 23 வீட்டில் பணம் வசூலிப்பது மாமன்றத்தில் தீர்மானம் போடுவதைவிடக் கஷ்டம் என்பது என் அனுபவம், ஆனால் வியாபாரத் தெருவென்றால் யோசிக்கலாம்.

காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, பட்ஜெட் அதையொட்டி வரும். உங்கள் தெரு அடுத்த வருடப் பட்டியலில் வர வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த கையோடு மனு உள்ளே போயிருக்க வேண்டும். தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் புதுப் பணி எதுவும் தொடங்காது, ஏற்கெனவே ஆரம்பித்த வேலை மட்டும் நடக்கும். எனவே தேர்தல் வருடத்தில் எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்னால் தள்ளிக் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாவது: பொருள் ஆவது, அஜெண்டாவைப் படிப்பது

இதன்பின் அது "மாமன்றப் பொருள்" ஆகிறது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு கவுன்சிலர்களுக்கு ஒரு கட்டு போகும், அதுதான் அஜெண்டா. உங்கள் கவுன்சிலரிடம் கேட்டால் காட்டுவார். மாதிரிக்கு ஒரு பொருள் எப்படி இருக்கும் என்றால்: "மண்டலம் 2, வார்டு எண் இத்தனை, இன்ன தெருவில் மழைநீர் வடிகால் மற்றும் சிறுபாலம் அமைக்கும் பணி, மதிப்பீடு ரூ. இவ்வளவு லட்சம், பொது நிதி, மன்றத்தின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும்." கீழே அலுவலகக் குறிப்பு. மேலே சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உங்கள் மனுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "மற்றும் சிறுபாலம்" என்ற இரண்டு வார்த்தை விட்டுப்போனால் மளிகைக்கடை வாசல் அப்படியே கிடக்கும்.

மற்ற பொருள்களையும் சும்மா படித்துப் பாருங்கள், ஊர் எப்படி ஓடுகிறது என்று தெரியும். நீரேற்று நிலையத்தில் எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் செய்த செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, இருசக்கர வாகன நிறுத்தக் குத்தகை, கட்டணக் கழிப்பறை ஏலம், மார்க்கெட் கடை வாடகை, கோர்ட் வழக்குக்கு வக்கீல் கட்டணம், வாரிசு வேலை. இவற்றில் "பின்னேற்பு" என்ற சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். அவசரத்துக்கு முன்பே செய்துவிட்டு, இப்போது ஒப்புதல் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கோடையில் மோட்டார் எரிந்தால் கூட்டம் வரை காத்திருக்க முடியாது, அது நியாயம். ஆனால் ஒரே அஜெண்டாவில் பின்னேற்பு கூடிக்கொண்டே போனால் கவுன்சிலர் எழுந்து கேட்க வேண்டிய இடமும் அதுதான். வெளிநடப்பு செய்கிறவர்களைவிட அஜெண்டாவில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருகிற கவுன்சிலரை எனக்குப் பிடிக்கும். அப்படி எல்லாக் கட்சியிலும் சிலர் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஒரு பொருளுக்கு மூன்று விதிதான்: நிறைவேறும், ஒத்திவைக்கப்படும், அல்லது நிராகரிக்கப்படும். ஒத்திவைத்தால் ஏன் என்று மறுநாளே கேளுங்கள், ஒரு தாள் குறைவு என்பது போன்ற சின்னக் காரணமாக இருக்கும். நிறைவேறினால் தீர்மான எண்ணும் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த மேசையிலும் உங்கள் தெருவின் பெயர் அந்த எண்தான். யாரும் தரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு "இன்ன தேதிக் கூட்டத்தின் இன்ன பொருள் மீதான தீர்மான நகல்" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது. கையிலிருக்கும் காகிதத்தைக் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆறாவது: டெண்டரும் வேலையும்

தீர்மானம் ஆனதும் நாளைக்கே ஜல்லி வந்து இறங்காது. டெண்டர் விட வேண்டும். 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். யாரும் போடவில்லையென்றால் மறுடெண்டர். சின்னத் தெரு வேலைக்கு லாபம் குறைவு என்று ஒப்பந்ததாரர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு, அதனால்தான் ஐந்தாறு தெருவை ஒரே பொதியாகச் சேர்ப்பார்கள். பிறகு பணி ஆணை. அதில் முடிக்க வேண்டிய கால அளவு இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது நின்று பார்க்க நமக்கு முழு உரிமை உண்டு. 2022-இல் நம் ஊரில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் சுற்றிச் சிமெண்ட் ரோடு போட்ட படமும், அடிபம்போடு சேர்த்துக் கால்வாய் கட்டிய படமும் நாடு முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு, அதில் இன்னொன்று சேர்ந்தது. இரவோடு இரவாகக் கான்கிரீட் கொட்டும்போது தெருவில் ஒரு ஆள் விழித்திருந்தால் போதும். கண்டபடி சண்டை வேண்டாம். கால்வாயின் ஆழம், அகலம், அடியில் போட்ட கம்பி, கான்கிரீட்டுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். கட்டின பிறகு ஏழெட்டு நாள் தண்ணீர் விட்டார்களா என்று பாருங்கள், லாரித் தண்ணீர் வராத நாளில் எங்கள் தெருப் பெண்கள் குடத்தில் ஊற்றினார்கள்.

பில் போவதற்கு முன் ஏஇ அளவெடுத்து எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் எழுதுவார். எழுதிய அளவுக்குத்தான் பணம். குறை இருந்தால் அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பில் பாஸ் ஆனபின் ஒப்பந்ததாரர் போனை எடுப்பது அபூர்வம். பணம் கொடுத்த பிறகும் வைப்புத் தொகையில் ஒரு பகுதி பராமரிப்புக் காலம் முடியும் வரை மாநகராட்சியிடம் இருக்கும். விரிசல் விட்டால் அந்தக் காலத்துக்குள் கேட்க வேண்டும், அது எந்தத் தேதி வரை என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.

கடைசியாக, முதல் பெரிய மழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் நில்லுங்கள். எங்கள் கால்வாயில் தண்ணீர் மேற்கிலிருந்து நன்றாக ஓடி வந்து, 14-ஆம் எண் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், கட்டி முடித்த வாரமே அந்த வீட்டுக்காரர் பைக் ஏற்றுவதற்குச் செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, கால்வாய் வாயை அடைத்துவிட்டிருக்கிறார். மனுவில் அவர் கையெழுத்து இரண்டாவதாக இருக்கிறது.